வேட்டைக் கோட்டில் கருவாடு

பழக்கினால் பழகாத ஜீவன் உலகத்தில் கிடையாது என்பது எங்கள் பெரியப்பாவின் கட்சி. பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக, இருந்துவிட்டுப் பென்ஷனோடு புதுச்சேரி முதலியார்பேட்டைக்குத் திரும்பி வந்தவர். வந்த மனிதர் சும்மா இருக்கலாம் அல்லவா? இருக்க மாட்டார். வாசலில் செருப்புகள் எல்லாம் தெருவைப் பார்த்தபடி வரிசையாக நிற்க வேண்டும். பால்காரர் மணியை ஒரு தரம்தான் அடிக்க வேண்டும். என் அப்பா, அவருடைய சொந்தத் தம்பி, மில்லில் ஷிப்ட் முடித்து வந்து அலுப்பாகச் சுவரில் சாய்ந்தால், “முதுகு!” என்று உள்ளேயிருந்து ஒரு குரல் வரும். அப்பா நிமிர்ந்து உட்கார்ந்து செய்தித்தாளால் முகத்தை மூடிக்கொள்வார்.

பெரியம்மாவை அவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. காப்பி வேண்டுமென்றால் கண்ணாடித் தம்ளரில் கரண்டியால் ஒரு தட்டுத் தட்டுவார். பெரியம்மா எந்த வேலையில் இருந்தாலும் அப்படியே போட்டுவிட்டு வந்து நிற்பாள். விருந்தாளிகள் வந்தால் இதை வேண்டுமென்றே தட்டிக் காட்டுவார். “வந்தப்போ ஒண்ணும் தெரியாது. எல்லாம் நான் பழக்கினது” என்று சொல்லிச் சிரிப்பார். விருந்தாளிகளும் சிரிப்பார்கள், பெரியம்மாவும் சிரிப்பாள். நானும் சிரித்திருக்கிறேன். தட்டுகிற சத்தத்துக்கு ஒருவர் ஓடி வருவது அந்த வயதில் எனக்கு நல்ல வேடிக்கையாகத்தான் இருந்தது.

இப்படிப்பட்டவர் கையில் போய் ஒரு நாய் மாட்டியது. எழுபதுகளின் நடுவில், நான் நான்காம் வகுப்பில் இருந்தபோது என்று நினைக்கிறேன். கடற்கரைப் பக்கம் இருந்த ஒரு பிரெஞ்சுக் குடும்பம் வீட்டைக் காலி செய்துகொண்டு கப்பலேறியபோது, தங்கள் வேட்டை நாய் போட்ட கடைசிக் குட்டியைப் பெரியப்பாவிடம் கொடுத்துவிட்டுப் போனது. தாய் நல்ல ஜாதிதான். தகப்பன் யார் என்பதைப் பற்றி அந்தக் குடும்பமும் பேசவில்லை, பெரியப்பாவும் கேட்கவில்லை. குட்டிக்கு ஒரு காது தொங்கும், இன்னொரு காது விறைத்துக்கொண்டு நிற்கும். தொங்குகிற காது பிரான்ஸ், நிற்கிற காது முதலியார்பேட்டை என்று என் அம்மா சொல்வாள், பெரியப்பா காதில் விழாமல். பெரியப்பா அதற்கு மெதோர் என்று பெயர் வைத்தார். அவர் பார்த்த பிரெஞ்சுக்காரர்களில் பாதிப் பேர் நாய்க்கு அந்தப் பெயர்தானாம்.

மெதோரைப் போல அசட்டு நல்ல நாயை நான் அதற்கப்புறம் பார்க்கவில்லை. யாரைப் பார்த்தாலும் இடுப்பு முழுக்க ஆட்டும். எதையாவது வாயில் கவ்விக்கொண்டே திரியும். துண்டு, துடைப்பம், என் பள்ளிக்கூடப் பை, ஒரு தரம் அப்பாவின் பல்பொடி டப்பா. கவ்வினதைக் கேட்டால் கொடுக்காது, ஓடும், துரத்தினால் மகிழ்ச்சியாக இன்னும் வேகமாக ஓடும். அந்த ஓட்டம்தான் பெரியப்பாவுக்குப் பொறுக்கவில்லை.

அவருக்கு ஊசுட்டேரியில் வேட்டையாட வேண்டும். மழை முடிந்ததும் ஏரியில் கிளுவை, சிறவி என்று வெளியூர்ப் பறவைகள் வந்து இறங்கும். துப்பாக்கி வைத்திருந்த பழைய சொல்தாக்கள் சிலர் கூடிப் போவார்கள். அந்தக் காலத்தில் கேட்பாரில்லை. சுட்ட பறவை தண்ணீரில் விழும். நீந்திப்போய், பல் படாமல் அதை எடுத்து வந்து எஜமான் கையில் கொடுக்க ஒரு நாய் வேண்டும். அவருடைய கூட்டாளிகளில் கார் வைத்திருந்த ஒருவர் உண்டு, நாங்கள் கார்க்காரர் என்போம். அவரிடமும் ஒரு நாய் இருந்தது. ஆனால் அது பறவையைக் கொண்டுவருவதற்குள் பாதியைத் தின்றுவிடும். அந்தக் கார்க்காரர் முன்னால் மெதோரை நிறுத்திக் காட்ட வேண்டும், அவ்வளவுதான் பெரியப்பாவின் வாழ்க்கை லட்சியம்.

அதற்கு அவர் கையாண்ட வழியைச் சொல்ல எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது. பட்டாளத்து இடுப்பு பெல்ட்டை வெட்டி, பெரிய மார்க்கெட்டுக்கு வெளியே உட்கார்ந்திருந்த செருப்புத் தைக்கிறவரிடம் கொண்டுபோய், உள்பக்கம் முனை நீட்டிக்கொண்டிருக்கும்படி ஆணி அடித்துத் தரச் சொன்னார். “எந்த மாட்டுக்கு சாமி?” என்று அவர் கேட்டார். நாய்க்கு என்றதும் அவர், கூடப் போயிருந்த என்னை ஒரு பார்வை பார்த்தார், ஏதோ நான் போய்த் தடுக்கப் போகிறவள் மாதிரி. அந்தப் பட்டையை மெதோரின் கழுத்தில் மாட்டி, நீளக் கயிறு கட்டி, கொல்லையில் பயிற்சி ஆரம்பமானது.

விறகுக் கட்டை ஒன்றைக் கோழி இறகால் சுற்றித் தூக்கி எறிவார். “அப்போர்த்!” என்று கத்துவார். கொண்டுவா என்று அதற்கு அர்த்தம். மெதோர் பாய்ந்து கவ்வும், கவ்வியதும் பழக்கப்படி ஓடப் பார்க்கும். கயிற்றை ஒரு வெட்டு வெட்டி இழுப்பார். ஆணி கழுத்தில் இறங்கும். அது போடுகிற சத்தத்தைக் கேட்டு என் அம்மா அடுப்படிக் கதவைச் சாத்துவாள். அழுத்திக் கடிக்கிறது என்று தெரிந்ததும் அந்த இறகுக்குள்ளும் ஆணியைச் செருகினார். கடித்தால் குத்தும், குத்தினால் மெல்லப் பிடிக்கும், கணக்கு சரி என்றார். ஒரு வாரத்தில் மெதோர் இறகைப் பார்த்தாலே பின்வாங்க ஆரம்பித்தது. பின்வாங்கினால் அதற்கும் ஓர் இழுப்பு. கவ்வினாலும் இழுப்பு, கவ்வாவிட்டாலும் இழுப்பு என்றால் அந்த வாயில்லாப் பிராணி என்னதான் செய்யும்? இதை நான் ஒரு நாள் கேட்டேவிட்டேன். “பழகும்” என்றார்.

பெரியப்பா மேல் வந்த கோபத்தைவிட எனக்கு மற்றவர்கள் மேல் வந்த கோபம்தான் அதிகம். அப்பா செய்தித்தாளை விட்டு வெளியே வரவே மாட்டார். அம்மா கதவைச் சாத்துவதோடு சரி. பெரியம்மா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருப்பாள், தலையை நிமிர்த்தக்கூட மாட்டாள். எல்லாருக்கும் மேலே இந்த மெதோர். காலையெல்லாம் கழுத்தில் ரத்தம் வர இழுபட்டுவிட்டு, சாயங்காலம் பெரியப்பா நாற்காலியில் உட்கார்ந்தால் நேரே போய் அவர் காலடியில்தான் படுக்கும். அவர் கையைத் தொங்கவிட்டால் நக்கும். மானம் கெட்ட நாயே என்று நான் அதைத் திட்டியிருக்கிறேன்.

ஐப்பசி மழை ஓய்ந்த சமயம் ஒரு நாள் சாப்பாட்டின்போது பெரியப்பா அறிவித்தார். ஊசுட்டேரியில் பறவை இறங்கிவிட்டதாம். அடுத்த மாதம் கார்க்காரரோடு போகிறாராம். “மொத பறவைய மட்டும் ஒழுங்கா கொண்டாரலன்னு வையி, துப்பாக்கில ரெண்டாவது குழாய் அதுக்குத்தான்” என்றார், ஏதோ குழம்பில் உப்புக் கம்மி என்று சொல்கிற குரலில். பெரியப்பா சொன்னதைச் செய்கிறவர், அதுதான் அவருடைய பெருமையே. பெரியம்மா வழக்கம்போல அவருக்கு ரசம் ஊற்றினாள்.

புதுச்சேரியில் மத்தியானம் என்பது ராத்திரி மாதிரி. சாப்பாட்டு நேரம் ஆனதும் கடைகள் சாத்திவிடும், தெரு அடங்கிவிடும், பெரிய மனிதர்கள் எல்லாரும் கட்டாயமாகத் தூங்குவார்கள். பெரியப்பா சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டுப் படுத்தால் நாலு மணிக்குத் தம்ளர் தட்டுகிறவரைக்கும் எழுந்திருக்க மாட்டார். எங்கள் பள்ளியிலும் நடு இடைவேளை நீளம். நான் வீட்டுக்கு வந்து சாப்பிட்டுவிட்டுப் போவேன். மறுநாள் அப்படி வந்தபோது கொல்லையில் பெரியம்மாவைப் பார்த்தேன். துவைக்கிற கல்லில் உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒரு கிண்ணம், அதில் உப்புப் போக ஊறவைத்த நெத்திலிக் கருவாடு. எதிரே மெதோர். கழுத்தில் பட்டை இல்லை, மஞ்சளும் நல்லெண்ணெயும் குழைத்துத் தடவியிருந்தது.

“சத்தம் போட்ட, முதுகுத்தோல உரிச்சுடுவேன்” என்றாள் என்னிடம். பெரியம்மா இப்படிப் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

அவள் முதலில் கட்டையை எறியவில்லை. அந்தச் சொல்லை மட்டும் சொன்னாள். “அப்போர்த்” என்றதும் மெதோர் நின்ற இடத்திலேயே மூத்திரம் போய்விட்டது, நாலு காலும் நடுங்கியது. பெரியம்மா ஒரு கருவாட்டை நீட்டினாள். மறுபடியும் அதே சொல், இன்னும் மெதுவாக, சாப்பிட வாடா கண்ணு என்று பிள்ளையைக் கூப்பிடுகிற மாதிரி. மறுபடியும் ஒரு கருவாடு. அவளுக்குப் பிரெஞ்சு தெரியாது. அந்த ஒரு சொல்லும் வேலியோரம் கீரை ஆய்ந்துகொண்டே அவள் காதில் விழுந்ததுதான். சில நாள் இதைத் தவிர வேறொன்றும் செய்யவில்லை. எனக்குத்தான் பொறுமை இல்லை. கட்டையை எறி, கட்டையை எறி என்று உயிரை வாங்குவேன். “மொதல்ல அந்த வார்த்தைல இருக்குற பயம் போவட்டும்டி” என்பாள்.

பிறகு ஒரு துணிப்பந்து. பிறகு இறகு சுற்றிய துணிப்பந்து, ஆணி இல்லாமல். கவ்விக்கொண்டு மெதோர் ஓடினால் அவள் துரத்த மாட்டாள். திரும்பி உட்கார்ந்து கருவாட்டுக் கிண்ணத்தை முகர்ந்து பார்ப்பாள். அது தானாக வந்து பந்தை அவள் மடியில் போட்டுவிட்டுக் கிண்ணத்தில் மூக்கை வைக்கும். கடைசியில் ஒரு கோழிமுட்டையை வாயில் வைத்துக் கொல்லை முழுக்க உடையாமல் கொண்டுவந்தது. நான் கையைத் தட்டப் போனேன். பெரியம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள், உள்ளே ஆள் தூங்குகிறார்.

காலையில் ஆணிப்பட்டையும் மத்தியானம் கருவாடுமாக நாட்கள் ஓடின. இரண்டும் எப்படி ஒத்துப்போகும்? காலையில் பெரியப்பா கையில் கயிற்றைப் பார்த்தாலே மெதோருக்கு மத்தியானத்துப் பாடம் மறந்துவிடும். கொஞ்சம் தேறியிருக்கிறது என்று அவர் சொன்னாலும், எடுத்து வந்ததை அவருக்கு எட்டாத தூரத்தில் நின்றுகொண்டு பார்க்கும், கிட்டே வராது. வேட்டைக்கு முந்தின நாள் மத்தியானம் பெரியம்மா அவருடைய காக்கி வேட்டைக் கோட்டை எடுத்து மடியில் வைத்து, உள்துணியின் தையலைப் பிரித்தாள். நெத்திலிக் கருவாட்டை ஒரு கை அள்ளி உள்ளே வைத்து மறுபடியும் தைத்தாள். ஊசி கையில் ஏறியும் ஒரு சத்தம் போடவில்லை.

விடிகாலையில் கோட்டைப் போட்டுக்கொண்ட பெரியப்பா மூக்கைச் சுளித்தார். “இன்னா நாத்தம் இது?”

“ஏரிச் சேத்துல பொரண்ட சட்ட. மல்லிப்பூ மாதிரியா இருக்கும்?” என்றாள் பெரியம்மா, காப்பியை நீட்டிக்கொண்டே.

நானும் வருவேன் என்று அழுது அடம்பிடித்துக் காரில் ஏறிக்கொண்டேன். பின்சீட்டில் என் காலடியில் மெதோர், தலையை என் மடியில் வைத்துக்கொண்டு. அதன் கழுத்துத் தழும்பைத் தடவிக்கொண்டே போனேன். ஏரிக்கரையில் பனி இன்னும் இறங்கிக்கொண்டிருந்தது. தண்ணீரில் மாட்டிக்கொள்ளும் என்று ஆணிப்பட்டையைக் கழற்றிப் பெரியப்பா தன் தோளில் மாட்டிக்கொண்டார். கார்க்காரர் வெற்றிலையை மென்றுகொண்டு, பார்க்கலாமே உங்கள் வித்தையை என்கிற மாதிரி நின்றார். பெரியப்பா இரண்டு குழாயிலும் தோட்டா போட்டதை நான் பார்த்தேன்.

நாணலிலிருந்து ஒரு கூட்டம் எழும்பியது. ஒரு வெடி. ஒரு கிளுவை நடுத் தண்ணீரில் பொத்தென்று விழுந்தது. “அப்போர்த்!” என்று பெரியப்பா கத்தினார். மெதோர் நடுங்கியது. அவரைப் பார்த்தது, தண்ணீரைப் பார்த்தது. போ, போய்த் தொலை என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டு மனதுக்குள் கெஞ்சினேன். பாய்ந்துவிட்டது. தலை மட்டும் தெரிய நீந்திப்போய்க் கவ்வித் திரும்பியது. கரையேறி உதறிக்கொண்டு, நான் பயந்தபடியே பத்தடி தள்ளி நின்றுவிட்டது. பறவை வாயில், கண் பெரியப்பாவின் தோளில் தொங்கிய பட்டையின் மேல். இனி ஓட வேண்டியதுதான். பெரியப்பாவின் விரல் இன்னும் துப்பாக்கியில்தான் இருந்தது, இரண்டாவது குழாய் இன்னும் நிரம்பித்தான் இருந்தது.

அப்போது காற்று அவர் முதுகுப் பக்கமிருந்து அடித்தது. மெதோரின் மூக்கு ஒரு தரம் துடித்தது. நிற்கிற காது இன்னும் நிமிர்ந்தது. பிறகு ஒரே நடையாக வந்து, பறவையை அவர் கையில் வைத்துவிட்டு, கோட்டுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டது. வாலென்றால் வால், அப்படி ஆடியது.

பெரியப்பா பறவையைப் புரட்டிப் பார்த்தார். ஒரு பல்கூடப் படவில்லை. “பாத்தீங்களா முசியே? எசமான் வாசனைய எப்படி மோந்து பாக்குதுன்னு?” என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. எனக்கு அழுகையும் வந்தது, அவரைப் பிடித்து ஏரியில் தள்ளிவிட வேண்டும் போலவும் இருந்தது.

அன்று வீட்டில் விருந்து. பறவைகளைச் சுத்தம் செய்து வறுத்து வைத்ததும் பெரியம்மாதான். சாப்பிட உட்கார்ந்தவர்கள் அத்தனை பேரும் அந்த ஆணிப்பட்டையைக் கைமாற்றிக் கைமாற்றிப் பார்த்தார்கள், கோயில் நகையைப் பார்க்கிற மாதிரி. கயிற்றை எந்தக் கோணத்தில் இழுக்க வேண்டும் என்று பெரியப்பா பாடம் நடத்தினார். அதற்கு மேல் என்னால் முடியவில்லை. “பெரியம்மாதான்...” என்று ஆரம்பித்தேன். பரிமாறிக்கொண்டிருந்த பெரியம்மா குனிந்து என் தொடையில் ஒரு கிள்ளு கிள்ளினாள் பாருங்கள், மூச்சு நின்றுவிட்டது. “பெரியம்மாதான் இன்னொரு கரண்டி வெக்கணுமா? இந்தா” என்று என் இலையில் கறியைப் போட்டுவிட்டு நகர்ந்தாள். பெரியப்பா ஆணிப்பட்டையைத் தன் மெடல்களுக்குப் பக்கத்தில் சுவரில் மாட்டினார்.

அதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. அடுத்த வாரமே கார்க்காரர் தன்னுடைய செவலை நாயைக் கொண்டுவந்து விட்டுப் போனார், இதையும் அதே மாதிரி பழக்கிக் கொடுங்கள் என்று. பெரியப்பா மீதி பெல்ட்டையும் வெட்டிக்கொண்டு மார்க்கெட்டுக்குக் கிளம்பினார். மறுபடியும் காலையில் அதே சத்தம், அதே கதவுச் சாத்தல்.

மத்தியானம் செவலையின் கழுத்துக்குப் பெரியம்மா எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தபோது நான் சண்டைக்குப் போனேன். “நீ அன்னைக்கே சொல்லியிருந்தா பட்டைய தூக்கிப் போட்டிருப்பாரு. இது வந்திருக்காது. எல்லாம் உன்னாலதான்.”

“பட்டைய தூக்கிப் போட்டிருக்க மாட்டாரு. மெதோரத்தான் தூக்கிப் போட்டிருப்பாரு” என்றாள்.

“அப்போ இது?”

“இதுக்கும் மத்தியானம்னு ஒண்ணு வருமில்ல.”

இதெல்லாம் ஒரு பதிலா? நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பெரியம்மா என்னைப் பார்க்காமல், செவலையின் காதுக்குப் பின்னால் தடவிக்கொண்டே பேசினாள். “நான் இந்த வூட்டுக்கு வந்தப்போ எனக்குப் பதினாறு வயசு. எனக்கு யாரு மத்தியானத்துல கருவாடு குடுத்தாங்க?”

நான் நாயைப் பற்றிக் கேட்டால் இவள் தன் வயதைப் பற்றிச் சொல்கிறாளே என்று எனக்கு இன்னும் எரிச்சலாக வந்தது. ஆனால் யோசித்துப் பார்த்தால் அவள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. எங்கள் எல்லாருக்கும் வைத்த பிறகு கடைசியில் சட்டியை வழித்துச் சாப்பிடுகிறவள் அவள்தான். வீட்டுக்கு வருகிற கருவாட்டில் மிச்சம் இருப்பதும் நாய்களுக்குப் போய்விடுகிறது. வாய்விட்டுச் சொல்கிற அளவுக்கு அவளுக்குக் கருவாட்டு மேல் ஆசை இருந்திருக்கிறது, பாவம்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. இலையில் எனக்கு வைத்த வாளைக் கருவாட்டுத் துண்டை, பொரித்ததிலேயே பெரியது, தின்னாமல் உள்ளங்கையில் ஒளித்துக்கொண்டேன். பெரியப்பா தூங்கியதும் கொல்லைக்குப் போய், நாய்களுக்கு அவள் நீட்டுவதைப் போலவே பெரியம்மாவுக்கு நேரே நீட்டினேன். “இந்தா, உனக்கு” என்றேன்.

அவள் அதை வாங்காமல் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு வாங்கித் துவைக்கிற கல்லில் உட்கார்ந்து, கிள்ளிக் கிள்ளி, மிக மெதுவாகத் தின்ன ஆரம்பித்தாள். இரண்டு நாய்களும் வந்து உட்கார்ந்தன, அவள் ஒரு துணுக்குகூடக் கொடுக்கவில்லை. கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது, துடைக்கவும் இல்லை. முள் குத்திவிட்டதா என்று கேட்டேன். இல்லை என்று தலையாட்டினாள்.

அன்றைக்கு நாலு மணிக்கு முன்னாலேயே உள்ளே தம்ளரில் கரண்டி தட்டும் சத்தம் கேட்டது. மெதோர் காதைத் தூக்கியது. பெரியம்மா எழுந்திருக்கவில்லை. ஒரு முள்ளை எடுத்துக் கீழே போட்டுவிட்டு அடுத்த துணுக்கைக் கிள்ளினாள். மறுபடியும் தட்டினார், பலமாக. இரண்டாவது தடவை அவர் தட்டி நான் அதுவரை கேட்டதில்லை. எனக்குப் பதறிவிட்டது. ஒரு கருவாட்டுக்காக இப்படியா உட்கார்ந்திருப்பாள் ஒருத்தி என்று ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

“பெரியப்பா தட்டுறாரு, காதுல விழல? போ” என்று அவள் தோளைப் பிடித்துத் தள்ளினேன்.